ஓய்வூதியர் மண்டலக் கூட்டம்: அழைப்பிதழில் இருவர் பெயரும் இருக்கட்டும்

கேள்வி: நான் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். மன்னார்குடி வட்டத்தில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் சங்கக் கிளையின் செயலாளராக இருக்கிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டக் கிளைகளும் சேர்ந்து நடத்தும் மண்டலக் கூட்டத்தை ஏற்பாடு செய்யும் பொறுப்பு இந்த முறை எனக்கு வந்திருக்கிறது. போன முறை காலை பத்து மணிக்குத் தொடங்கி, வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை என்றே பிற்பகல் இரண்டு மணியாகிவிட்டது. 27 தீர்மானங்களை ஒரே மூச்சில் வாசித்தார்கள். எண்பதைக் கடந்தவர்கள் பாதியிலேயே எழுந்து போனார்கள். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்கள் பத்துப் பேர்கூட வரவில்லை. வந்தவர்களில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கே வந்து நான் யாரிடம் என்ன கேட்பது?" என்றார். அது என் மனத்தை விட்டுப் போகவே இல்லை. எங்கள் தலைவர் இந்த முறையும் தஞ்சாவூரில் பெரிய மண்டபம் பிடித்து, டிசம்பர் 17 ஓய்வூதியர் நாளன்று நடத்தலாம் என்கிறார். எப்படி நடத்தினால் உறுப்பினர்களுக்கு உண்மையிலேயே பயன்படும்? வர இயலாதவர்களுக்கு என்ன செய்வது? எண்பது வயதானவர்களுக்குப் பொன்னாடை போடும் வழக்கத்தை விட்டுவிடலாமா?

பதில்: அன்புள்ள அம்மா, வணக்கம்.

கருவூலக் கணக்குத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றபின், கும்பகோணத்தில் இருந்தபடி ஓய்வூதியம் தொடர்பான ஆலோசனைகளைச் சொல்லிவருகிறேன். உங்களிடம் அந்த அம்மா கேட்ட கேள்வியைக் கருவூலத்தின் மேசைக்கு இந்தப் பக்கம் அமர்ந்து பல ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். கணவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், ஒரு மஞ்சள் பைக்குள் வீட்டில் இருந்த தாள்களையெல்லாம் திணித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அந்தப் பைக்குள் மின்கட்டண அட்டை இருக்கும், பழைய வங்கிப் புத்தகம் இருக்கும், பேரனுடைய பிறப்புச் சான்றிதழ்கூட இருக்கும். தேவையான ஓய்வூதியக் கொடுப்பாணை, நாம் எல்லோரும் பி.பி.ஓ. என்று சொல்கிற அந்தப் புத்தகம் மட்டும் இருக்காது. அது எங்கே இருக்கிறது என்பது இறந்துபோனவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். ஆகவே, இந்தக் கூட்டம் யாருக்காக என்ற கேள்விக்கு என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வூதியருக்குப் பிறகு அந்தத் தாள்களைக் கையாளப் போகிறவர், பெரும்பாலும் அவருடைய மனைவி, அவரை மனத்தில் வைத்து இந்த நாளைத் திட்டமிடுங்கள். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அதற்கு ஏற்றபடி தாமாகவே அமையும்.

முதலில் நாளும் இடமும். டிசம்பர் 17 ஏன் ஓய்வூதியர் நாளாயிற்று என்பதை உங்கள் தலைவர் அறிந்திருப்பார். ஆயினும் அந்த வரலாறு கூட்டத்தில் பத்து நிமிடமாவது சொல்லப்பட வேண்டியது. 1979-இல் மத்திய அரசு ஓய்வூதியக் கணக்கீட்டைத் தாராளமாக்கியபோது, 31-3-1979 என்று ஒரு தேதியை வகுத்து, அதற்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு அந்தப் பயன் கிடைக்காமல் செய்தது. பாதுகாப்புத் துறையில் நிதி ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்ற டி.எஸ். நகரா, மற்றோர் ஓய்வூதியரோடும் ஒரு பொதுநலச் சங்கத்தோடும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் சென்றார். ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 17-12-1982 அன்று, ஓய்வூதியம் அரசு மனமிரங்கித் தருகிற கொடை அன்று, செய்த பணிக்கு உரிய உரிமை என்றும், ஓய்வு பெற்ற தேதியை மட்டும் காட்டி ஒரே வகையினரை இரு கூறாகப் பிரிப்பது சமத்துவத்துக்கு மாறானது என்றும் தீர்ப்பளித்தது. தனி ஒருவராக அலைந்திருந்தால் நடந்திராத காரியம் அது. சங்கம் என்ற ஒன்று எதற்கு என்று இளையவர்கள் கேட்டால், இந்தத் தீர்ப்பைச் சொல்லலாம்.

ஆனால் அந்த நாளின் பெருமைக்காக மண்டலக் கூட்டத்தை டிசம்பரில் வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. டெல்டாவில் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வானத்தை நம்பி எதையும் முடிவு செய்ய இயலாது. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16. ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தை அடித்தது 2004 டிசம்பர் 26. அவ்வளவு பெரிய சேதம் இல்லாவிட்டாலும், இரண்டு நாள் தொடர்மழை பெய்தால் எண்பது வயதுக்காரரை வீட்டார் வெளியே விடமாட்டார்கள், விடவும் கூடாது. தை மாதத்தில் சம்பா அறுவடை. ஓய்வு பெற்றவர்களில் பலர் தம் நிலத்தைத் தாமே பார்க்கிறவர்கள், வரமாட்டார்கள். சித்திரை, வைகாசி வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறுவடை ஓய்ந்து வெயில் ஏறுவதற்கு முன்னுள்ள மாசிப் பிற்பகுதியோ பங்குனி முற்பகுதியோ நம் பகுதிக்குப் பொருத்தம். ஓய்வூதியர் நாளை அந்தந்தக் கிளை தன் ஊரிலேயே எளிமையாகக் கொண்டாடிக்கொள்ளட்டும்.

இடத்தைப் பொறுத்தவரை, தஞ்சாவூருக்குப் பதிலாகத் திருவாரூரைப் பரிந்துரைக்கிறேன். வேதாரண்யத்திலிருந்தோ தரங்கம்பாடியிலிருந்தோ ஒரு முதியவர் தஞ்சாவூர் போய்த் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம், மன்னார்குடி இரண்டும் ஏறத்தாழ 25 முதல் 30 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. மயிலாடுதுறையும் கும்பகோணமும் 40 கிலோமீட்டர் அளவில். தஞ்சாவூர்தான் சற்றே தூரம், 55 கிலோமீட்டருக்கு மேல். நான்கு மாவட்டத்தாரும் ஓரளவு சமமான தொலைவைக் கடக்கிற இடம் அதுவே. நாகப்பட்டினம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் மூன்று திசைக்கும் ரயிலும் உண்டு. மண்டபம் எவ்வளவு பெரியது என்பதைவிடக் கூடம் தரைத்தளத்தில் இருக்கிறதா, கழிப்பறைக்குப் படி ஏற வேண்டுமா, மேற்கத்திய முறைக் கழிப்பறை ஒன்றாவது உண்டா என்று நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்குப் பன்னிரண்டரை மணிக்குமேல் சாப்பாடு தள்ளிப் போகக் கூடாது என்பதும் செவிலியரான உங்களுக்குத் தெரிந்ததே.

இனி, அந்த நாளில் என்ன செய்வது என்பது. பேச்சுக்கு ஒரு மணி நேரம் போதும். அதையும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னுள்ள கடைசி மணி நேரமாக வையுங்கள். காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை உறுப்பினர்களின் தாள்களைச் சரிபார்க்கும் மேசைகள் இயங்கட்டும். உங்கள் நான்கு மாவட்டங்களிலும் கருவூலத்திலும் அலுவலகக் கணக்குப் பிரிவுகளிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சங்க உறுப்பினர்களாக இருப்பார்கள். அவர்களை மேடையில் உட்காரவைக்காமல் மேசைகளில் உட்காரவையுங்கள். மாவட்டக் கருவூல அலுவலர்களுக்கும் முறைப்படி கடிதம் எழுதி, முடிந்தால் ஒரு அலுவலரை அனுப்பும்படி கேளுங்கள்; வந்தால் நல்லது, வராவிட்டாலும் வேலை நிற்காது.

மேசையில் முதலில் பார்க்க வேண்டியது பி.பி.ஓ.வில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும். நான் பார்த்தவற்றில் மிக அதிகமாகக் குடும்பங்களை அலைக்கழித்த குறை இதுதான். புத்தகத்தில் தையல்நாயகி என்று இருக்கும், ஆதாரில் தையல்நாயகி அம்மாள் என்று இருக்கும், வங்கிக் கணக்கில் கணவர் பெயரின் முதலெழுத்து முன்னால் ஓரிடத்தில், பின்னால் ஓரிடத்தில் இருக்கும். பல பழைய புத்தகங்களில் மனைவியின் பிறந்த தேதி என்ற இடமே வெற்றாக விடப்பட்டிருக்கும். கணவர் இருக்கும்போது அவர் கையெழுத்தோடு ஒரு விண்ணப்பம் கொடுத்துத் திருத்த வேண்டிய இந்தச் சிறு குறை, அவர் போனபிறகு சட்டப்படியான வாரிசுச் சான்று, ஒரே ஆள்தான் என்ற சான்று என்று மாதக் கணக்கில் நீள்கிறது.

பிறந்த தேதி வெற்றாக இருப்பதால் வரும் இழப்பு இன்னும் பெரிது. 80 வயது நிறைந்தவருக்கு அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடும், 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50 விழுக்காடும், நூறு வயதில் முழுமையாக ஒரு மடங்கும் கூடுதல் ஓய்வூதியம் உண்டு. இது குடும்ப ஓய்வூதியருக்கும் பொருந்தும். அடிப்படைக் குடும்ப ஓய்வூதியம் 12,000 ரூபாய் பெறும் ஓர் அம்மாவுக்கு எண்பது நிறைந்தால் மாதம் 2,400 ரூபாய் கூடும், அதன்மேல் அகவிலைப்படியும் சேரும். புத்தகத்தில் பிறந்த தேதி இல்லாததால், எண்பத்து மூன்று வயதிலும் எண்பத்து நான்கு வயதிலும் இது கிடைக்காமலே இருப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். தமக்கு அப்படியொன்று உண்டு என்பதே அவர்களுக்குத் தெரியாது. உங்கள் கூட்டத்தில் இப்படி மூன்று பேரைக் கண்டுபிடித்துக் கருவூலத்துக்கு அனுப்பினாலே, அந்த நாளுக்கு ஆன செலவு நியாயமாகிவிடும்.

அடுத்து, ஓய்வு பெறும்போது ஓய்வூதியத்தின் ஒரு பகுதியைத் தொகையாக வாங்கிக்கொண்டவர்கள், நாம் கம்யூட்டேஷன் என்று சொல்வது. அதற்காக மாதந்தோறும் ஓய்வூதியத்தில் செய்யும் பிடித்தம் 15 ஆண்டுகளில் முடிந்து, குறைத்த பகுதி மீள வர வேண்டும். 2010, 2011 வாக்கில் ஓய்வு பெற்றவர்கள் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் ஓய்வூதியச் சீட்டை எடுத்துவந்து, மீள வந்திருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். இங்கே மனைவிமாருக்கு ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்லுங்கள்: கணவர் கம்யூட்டேஷன் வாங்கியிருந்தாலும், அந்தப் பிடித்தம் குடும்ப ஓய்வூதியத்திலிருந்து தொடராது. "அவர் வாங்கிய கடனை நான் கட்ட வேண்டுமா?" என்று பயந்து கேட்டவர்கள் பலர்.

ஓய்வூதியர் உயிரோடு இருப்பதை ஆண்டுதோறும் உறுதி செய்யும் நேர்காணல் பற்றிய குழப்பம் இன்னும் தீரவில்லை. மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு முன்பு ஏப்ரல் முதல் ஜூன் வரை எல்லோருக்கும் சேர்த்து நடந்தது. பிறகு அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில் என்று மாறியது. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம். அவர்களில் 80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். ஒரே தெருவில் இரண்டு வகையினரும் இருப்பதால், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பித் தன் மாதத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு. வந்த ஒவ்வொருவருக்கும் அவருடைய மாதத்தை ஒரு சிறு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளட்டும். 2014 முதல் ஜீவன் பிரமாண் என்ற மின்னணு வாழ்வுச் சான்று நடைமுறையில் இருக்கிறது. அஞ்சல்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாய் கட்டணத்தில் அதைப் பதிந்து தருகிறார். வயதானால் விரல் ரேகை தேய்ந்து கருவி ஏற்காமல் போவது உண்டு. அவர்களுக்காக முகத்தைக் கொண்டு பதியும் வசதி 2021-இல் வந்திருக்கிறது. திருவாரூர் தலைமை அஞ்சலகத்துக்கு முன்கூட்டியே எழுதினால், கூட்டத்துக்கு ஓர் ஊழியரை அனுப்பக்கூடும்.

மருத்துவக் காப்பீட்டு அட்டையில் இருவர் பெயரும் உள்ளனவா, வயது சரியா, பட்டியலில் உள்ள மருத்துவமனை எது என்பதை ஒரு மேசை பார்க்கட்டும். ஓய்வூதியர் இறந்தால் குடும்பத்துக்குத் தொகை தரும் ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதிக்கு, அது யாரைச் சேர வேண்டும் என்று எழுதித் தரும் நியமனப் படிவத்தைப் பலர் ஓய்வு பெற்ற நாளில் கொடுத்ததோடு மறந்துவிடுகிறார்கள். நியமிக்கப்பட்டவர் இறந்துபோயிருந்தால் புதிதாகக் கொடுக்க வேண்டும் என்பதை நினைவூட்டுங்கள்.

ஒரு பொருளைப் பற்றி மட்டும் மேசையில் பேசாமல், தனியறை ஒன்றை ஒதுக்குங்கள். மனவளர்ச்சி குன்றிய அல்லது உடல் இயலாமை உள்ள மகனோ மகளோ வீட்டில் இருக்கும் பெற்றோர், கூட்டத்தில் நாலுபேர் முன்னால் அதைப் பேசமாட்டார்கள். சொந்தமாகப் பிழைக்க இயலாத நிலையில் உள்ள அத்தகைய பிள்ளைக்கு, பெற்றோர் இருவருக்கும் பிறகு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஆனால் மனைவிக்கு உள்ள ஒப்புதல் பி.பி.ஓ.விலேயே இருப்பதைப் போல அது தானாக வந்து சேராது. மருத்துவச் சான்று, குடும்ப விவரம், காப்பாளர் என எல்லாம் சேர்ந்து, கடைசியாகப் பணியாற்றிய அலுவலகம் வழியாக மாநிலக் கணக்காயர் அலுவலகம் வரை போக வேண்டும். இதைப் பெற்றோர் தம் கையாலேயே தொடங்கி வைப்பதற்கும், அவர்கள் காலத்துக்குப் பின் ஒரு தம்பியோ அத்தை மகனோ தொடங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை என் பணிக்காலத்தில் நேரில் பார்த்து வருந்தியிருக்கிறேன். நீங்கள் கிராமம் கிராமமாகப் போனவர். எந்த வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு அழைப்பிதழை நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மகன்களும் மகள்களும் உடன் வந்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஓய்வூதியம் இறந்த நாள் வரைக்கும்தான்; மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம். தகவல் தெரிவிக்காமல் விட்டால், அடுத்த மாதமும் வங்கியில் முழு ஓய்வூதியம் வந்து விழும். காரியச் செலவுக்கென்று ஏ.டி.எம். அட்டையால் அதை எடுத்துவிடுவார்கள். அதிகமாக எடுத்தது பிறகு அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்திலிருந்து பிடிக்கப்படும். பிள்ளைகள் திருட வேண்டுமென்று செய்வதில்லை, தெரியாமல் செய்கிறார்கள். பழி மட்டும் அந்த அம்மாவின் தலையில் விழுகிறது. இறப்பை உடனே எழுத்து மூலம் கருவூலத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதைக் கூட்டத்தில் இரண்டு முறை சொல்லுங்கள்.

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலையும் மறந்துவிட வேண்டாம். ஒன்றுபட்ட தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது. பெரும்பாலும் அதிலிருந்தே 1997-இல் திருவாரூர். 2020 டிசம்பரில் மயிலாடுதுறை. ஒருவர் பணியில் சேர்ந்தது ஒரு மாவட்டம், ஓய்வு பெற்றது இன்னொரு மாவட்டம், இப்போது அவர் ஊர் இருப்பது மூன்றாவது மாவட்டம் என்பது இங்கே சாதாரணம். முகவரியும் அலுவலகப் பெயரும் பழையபடியே இருக்கும் புத்தகங்களை வைத்துக்கொண்டு, மனைவிமார் தவறான ஊருக்குப் பேருந்து ஏறுகிறார்கள். ஆகவே ஒவ்வொருவரும் இப்போது எந்தக் கருவூலத்தில் ஓய்வூதியம் பெறுகிறார் என்பதைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். கடலோரக் கிராமங்களில் புயலிலும் வெள்ளத்திலும் புத்தகம் நனைந்து எழுத்து அழிந்தவர்கள் இன்னும் இருப்பார்கள். நகல் கேட்டுக் கருவூலம் வழியாக விண்ணப்பிக்கலாம் என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு தாள்கள் ஒரே கூடத்துக்கு வரும்போது, பாதுகாப்பில் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல் என்று எதையும் வாங்கி அடுக்கி வைக்க வேண்டாம். பார்த்துவிட்டுக் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஓய்வூதியம் நின்றுவிடும் என்று பயமுறுத்தி, தொலைபேசியில் ஓ.டி.பி. கேட்டுப் பணத்தைச் சுருட்டும் மோசடி முதியவர்களைக் குறிவைத்தே நடக்கிறது. கருவூலமோ வங்கியோ ஓ.டி.பி. கேட்காது, ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதை மேடையிலிருந்தே சொல்லிவிடுங்கள்.

தீர்மானங்களுக்கு வருகிறேன். 27 தீர்மானங்கள் என்றால் ஒன்றுகூடக் கேட்கப்படாது. அகவிலைப்படி, 70 வயதிலிருந்தே கூடுதல் ஓய்வூதியம், கம்யூட்டேஷன் பிடித்தத்தை 12 ஆண்டாகக் குறைத்தல் போன்றவை மாநில அளவில் முடிவாக வேண்டிய கோரிக்கைகள். அவற்றை உங்கள் மாநில அமைப்பு ஏற்கெனவே எழுப்பியிருந்தால், ஒரே தீர்மானத்தில் வழிமொழிந்துவிடலாம். மண்டலக் கூட்டம் செய்யக்கூடிய வேலை வேறு. எந்தக் காப்பீட்டுக் கோரிக்கை, எந்த மருத்துவமனையில், எந்தக் காரணம் சொல்லி மறுக்கப்பட்டது, எந்தக் கருவூலத்தில் எத்தனை விண்ணப்பம் எத்தனை மாதமாக நிற்கிறது என்று மேசைகளில் சேர்ந்த விவரத்தைத் தொகுத்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஓய்வூதியர் குறைதீர்க்கும் நாளில் மனுக்களாகக் கொடுங்கள். பெயரும் தேதியும் உள்ள பத்து மனுக்களுக்கு அலுவலகம் பதில் சொல்லியாக வேண்டும்.

தீர்மானங்களில் ஒன்றை மட்டும் விரிவாகப் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன். 1-4-2003 முதல் மாநில அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் பழைய விதிகளுக்குள் வராமல், சம்பளத்தில் பிடித்தம் செய்து சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். சற்று வயது முதிர்ந்து பணியில் சேர்ந்தவர்கள் சில ஆண்டுகளாகவே ஓய்வு பெற்று வருகிறார்கள். அவர்களிடம் பி.பி.ஓ. இல்லை என்பதால் நம் சங்கங்களில் அவர்களுக்கு இருக்கையும் இல்லாமல் போகிறது. உங்கள் சங்க விதிகளில் உறுப்பினர் என்பதற்கு ஓய்வூதியம் பெறுபவர் என்று இருக்கிறதா, ஓய்வு பெற்றவர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். முன்னது என்றால் அதைத் திருத்த வேண்டும். ஆனால் மண்டலக் கூட்டம் சங்கத்தின் பொதுக்குழு அன்று. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ்ப் பதிவான சங்கம் என்றால், விதித் திருத்தம் முறையான அறிவிப்போடு கூடும் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானமாகவே நிறைவேற வேண்டும். மண்டலக் கூட்டம் அதைப் பரிந்துரைக்கலாம். அதுவரை, அந்தத் தம்பி தங்கைகளை விருந்தினராகவாவது அழையுங்கள். அவர்களுடைய பிடித்தக் கணக்கில் விடுபட்ட மாதங்களைச் சரிபார்த்துத் தர உங்கள் மேசையில் உள்ள மூத்தவர்களால் முடியும். எண்பது வயதுக்காரரைக் கையைப் பிடித்து அழைத்துவர அவர்களால் முடியும்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நன்கொடைச் சீட்டு அச்சிட்டால் ஒவ்வொன்றுக்கும் எண் இருக்க வேண்டும். வரவும் செலவும் சங்கக் கணக்கில் ஏற வேண்டும். கூட்டம் முடிந்த ஒரு மாதத்துக்குள் நான்கு மாவட்டக் கிளைகளுக்கும் கணக்கு அனுப்பப்பட வேண்டும். பணம் கையாளும் பொறுப்பைச் செயலாளராகிய நீங்கள் ஏற்காமல், பொருளாளரிடமே விடுங்கள்.

வர இயலாதவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் பணிக்காலத்தில் தாய் சேய் நலப் பதிவேடு வைத்திருந்தீர்கள். எந்த வீட்டில் எந்தத் தாய், எந்தத் தடுப்பூசி போட்டாயிற்று, அடுத்தது எப்போது என்று அதில் ஒரு வரியில் தெரியும். அதே முறையில் ஒரு பதிவேடு திறந்துவிடுங்கள். ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் உள்ள ஓய்வூதியர், குடும்ப ஓய்வூதியர் பெயர், நேர்காணல் மாதம், நடமாட இயலுமா, என்ன குறை நிலுவையில் உள்ளது என்ற நான்கைந்து விவரங்களை மட்டும் எழுதினால் போதும். கூட்டத்துக்கு முன்பே இந்தப் பதிவேடு தயாராகிவிட்டால், யார் வரமாட்டார்கள் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். கூட்டம் முடிந்த அடுத்த மாதத்தில், கிளைக்கு இருவராகச் சென்று அவர்களை வீட்டில் பார்த்து வாருங்கள். படுக்கையில் இருப்பவருக்கு அஞ்சல்காரரையோ உரிய படிவத்தையோ ஏற்பாடு செய்து கொடுங்கள். மேசைகளில் எழுதிக்கொண்ட குறைகளையும் இதே பதிவேட்டில் ஏற்றி, முப்பதாம் நாளும் அறுபதாம் நாளும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். தீராதவற்றைக் குறைதீர்க்கும் நாளுக்குக் கொண்டு செல்லுங்கள்.

அழைப்பிதழைப் பற்றி என் ஒரே வேண்டுகோள், உறையின்மேல் கணவன் மனைவி இருவர் பெயரையும் எழுதுங்கள். கணவர் காலமாகியிருந்தால் அந்த அம்மாவின் பெயரையே எழுதுங்கள். இன்னாருடைய மனைவி என்று எழுத வேண்டாம், இப்போது சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டியவர் அவரே. உள்ளே சிறப்பு விருந்தினர் பெயர்களுக்குப் பதிலாக இப்படி அச்சிடலாம்: "உங்கள் பி.பி.ஓ. புத்தகம், கடைசி மாத ஓய்வூதியச் சீட்டு, இருவருடைய ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், மருத்துவக் காப்பீட்டு அட்டை, மூக்குக் கண்ணாடி ஆகியவற்றை ஒரே பையில் எடுத்து வாருங்கள். உங்கள் சந்தேகங்களைக் கேட்க உங்களுக்கென்று ஒரு மேசை இருக்கும். வீட்டில் இந்தப் பை இருக்கும் இடம் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்."

பொன்னாடையை முற்றிலும் விட்டுவிட வேண்டாம் அம்மா. மதகைத் திறந்து மூடும் லஸ்கராக இருந்தவருக்கும் அலுவலக உதவியாளராக இருந்தவருக்கும், பணிக்காலத்தில் யாரும் துணி போர்த்தியிருக்கமாட்டார்கள். எண்பதாவது வயதில் தம் சங்கம் போர்த்துகிற ஒரு துண்டு அவர்களுக்கு உண்மையான மகிழ்ச்சி. மேடைக்கு வருகிற விருந்தினர்களுக்குப் போர்த்துவதை நிறுத்தி, அந்தப் பணத்தில் வேதாரண்யத்திலிருந்தும் சீர்காழியிலிருந்தும் எண்பது கடந்தவர்களை அழைத்துவர இரண்டு வேன் பிடியுங்கள். அவர்களை மேடைக்குப் படியேறச் சொல்லாமல், தலைவர் இறங்கிவந்து அவர்கள் அமர்ந்திருக்கும் இருக்கையிலேயே போர்த்தட்டும். அருகில் அமர்ந்திருக்கும் அவர்களுடைய மனைவிக்கும் ஒன்று இருக்கட்டும். நாள் முடிவானதும் எனக்கு ஒரு அட்டை எழுதுங்கள். பி.பி.ஓ. பார்க்கிற மேசையில் நான் வந்து அமர்கிறேன்.